புரொஜெக்டரை விட்டுப் பெரிய டிவிக்கு மாறலாமா? வேலூர் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிக் கூடத்தில் நெடுங்காலம் 100 இன்ச் திரையும் புரொஜெக்டரும் இருந்தன. இப்போது அந்தச் சுவரில் 85 இன்ச் டிவி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போகிற உறவினர்களும், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நண்பர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் வெயிலும் வீட்டு அமைப்பும் பிரியவில்லை. ஆகவே பழைய வேலூர் மாவட்டம் முழுவதற்கும் இது பொருந்தும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரொஜெக்டரை எதற்காக மாற்ற வேண்டும்?

இரவில் மட்டும், கதவு ஜன்னலைச் சாத்திய அறையில், வாரத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்க்கிறவர் என்றால் மாற்றவே வேண்டாம். அந்த அனுபவத்துக்கு டிவி ஈடாகாது என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். சுவர் நிறைய விரிகிற படத்தின் முன்னால் உட்கார்ந்து பழகியவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்படியா நடக்கிறது? காலையில் செய்தி, பகலில் பாட்டிக்குத் தொடர், மாலையில் குழந்தைகளுக்கு ஏதாவது ஒன்று, ராத்திரி கிரிக்கெட். கூடத்தில் இருக்கிற ஒரே திரை இவ்வளவுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். புரொஜெக்டர் அதற்குப் பிறந்த பொருள் அல்ல. விளக்கு வைத்த புரொஜெக்டர் என்றால் அதன் ஆயுள் சுமார் 3,000 முதல் 5,000 மணி நேரம்தான். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு ஆண்டுக்குள் விளக்கு மாற்ற வேண்டி வரலாம். அதற்கு முன்பே வெளிச்சம் பாதியாகக் குறைந்துபோய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்தான் "என்ன இவ்வளவு மங்கலாக இருக்கிறது?" என்று கேட்பார்.

வேலூருக்கு என்று தனியாக ஒரு காரணமும் உண்டு. எங்கள் ஊரைச் சுற்றி நிற்கிற பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் அனலாக விடுகின்றன. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்திசாய்ந்த பிறகு, கொஞ்சம் காற்று எழும்பும்போதுதான் உயிர் வரும். அந்த நேரத்தில் புரொஜெக்டருக்காக ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, உள்ளே 300 வாட் சூடு கக்கும் ஒரு பெட்டியையும் ஓடவிட்டு உட்கார வேண்டியிருந்தது. ஏசி போட்டால்தான் படம் என்ற நிலை. டிவி வந்த பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே படம் பார்க்கிறோம். நான் மாறியதற்கு இதுவே முதல் காரணம். மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதிக லூமென் உள்ள புரொஜெக்டர் வாங்கினால் பகலிலும் தெரியும் என்கிறார்களே?

தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். லூமென் என்பது புரொஜெக்டர் வெளிவிடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு.

100 இன்ச் திரையின் அகலம் சுமார் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. பரப்பு ஏறக்குறைய 2.76 சதுர மீட்டர். 2,000 லூமென் வெளிச்சம் முழுவதும் இதன்மேல் விழுந்தால், வெள்ளைப் பகுதியின் பிரகாசம் சுமார் 230 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வருகிற பிரகாசத்தின் அளவு). இது காகிதக் கணக்கு. வண்ணம் சரியாகத் தெரிகிற சினிமா நிலையில் வைத்து, விளக்கும் கொஞ்சம் பழையதாகிவிட்டால் பாதிதான், அதாவது சுமார் 115 நிட்தான் நிற்கும். இருட்டறைக்கு அது தாராளம். திரையரங்குகளுக்கான அளவுகோலே 48 நிட்தான்.

இப்போது ஜன்னலைத் திறப்போம். திரையின்மேல் 200 லக்ஸ் (ஓர் இடத்தின்மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு) பகல் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கூடத்தில் மதியம் இது அதிகமே இல்லை. வெள்ளைத் திரை அதைத் திருப்பி அனுப்பும்போது, படமே இல்லாத இடத்திலும் சுமார் 64 நிட் பிரகாசம் இருக்கும். அதாவது படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் 64, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் 115-உம் 64-உம் சேர்ந்து 179. கறுப்புக்கும் வெள்ளைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்கூட இல்லை. நாயகன் இருட்டில் பதுங்குகிற காட்சியில் அவனுடைய சட்டை, சுவர், கதவு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவது இதனால்தான். புரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கூட்ட முடியுமே தவிர இருட்டை உண்டாக்க முடியாது.

டிவியின் முகப்பு கறுப்பு. தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. அதோடு பல நூறு நிட் பிரகாசம் அதன் சொந்தச் சரக்கு. லூமெனை இரண்டு மடங்காக்கினாலும் புரொஜெக்டர் இந்த இடைவெளியைத் தாண்டாது.

இன்னொரு எச்சரிக்கை. மலிவு விலைப் புரொஜெக்டர்களின் அட்டைப் பெட்டியில் ஐந்திலக்க லூமெனும் "4கே" (3840-க்கு 2160 பிக்சல்) என்ற எழுத்தும் பெரிதாக இருக்கும். ஆன்சி லூமென் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு, படத்தை உருவாக்குகிற பேனலின் சொந்தப் பிக்சல் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். "4கே ஆதரவு" என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். வெளியே காட்டுவது 1280-க்கு 720 ஆகவும் இருக்கலாம்.

100 இன்ச் பார்த்த கண்ணுக்கு 85 இன்ச் சிறியதாகத் தோன்றாதா?

முதல் வாரம் தோன்றும். ஆறுதலுக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். 85 இன்ச் டிவி 188 செ.மீ. அகலமும் 106 செ.மீ. உயரமும் கொண்டது. பரப்பில் 100 இன்ச் திரையின் 72 சதவீதம். 75 இன்ச் என்றால் 166-க்கு 93 செ.மீ., பரப்பு 56 சதவீதம். 120 இன்ச் திரை வைத்திருந்தவர் 75 இன்ச்சுக்கு இறங்கினால் பாதிக்குமேல் இழக்கிறார். அவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது திரையின் அளவை மட்டும் பொறுத்தது அல்ல. எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம் என்பதையும் பொறுத்தது. 100 இன்ச் திரையை 11 அடியில் உட்கார்ந்து பார்த்தவர், 85 இன்ச் டிவியை 9 அடி 4 அங்குலத்தில் பார்த்தால் கண்ணில் படம் அதே அளவுதான். 75 இன்ச் என்றால் 8 அடி 3 அங்குலம். கணக்கு எளிது. பழைய தூரத்தைப் புதிய இன்ச்சால் பெருக்கி, பழைய இன்ச்சால் வகுத்துவிடுங்கள்.

புரொஜெக்டர் காலத்தில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது வழக்கம். டிவி வந்த பிறகும் அதை அங்கேயே விட்டுவிட்டு "சிறியதாக இருக்கிறது" என்று குறைபடுகிறவர்கள் நிறையப் பேர். சோபாவை இரண்டடி முன்னால் இழுங்கள். பின்னால் கிடைக்கிற இடத்தில் துணி மடிக்கலாம், புத்தக அலமாரி வைக்கலாம். 4கே படத்தில் பிக்சல் மிக நுண்ணியது என்பதால் அருகில் உட்கார்ந்தாலும் புள்ளி தெரியாது.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 188-க்கு 106 செ.மீ. அளவில் ஒரு தாள் தயாரித்து, சுவரில் டிவி வரப்போகிற உயரத்தில் ஒட்டிவிட்டு, சோபாவை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் உட்காரட்டும். கடையில் நின்றுகொண்டு முடிவு செய்வதைவிட இது நூறு மடங்கு மேல். கடைகள் பெரியவை, கூரை உயரம். அங்கே எல்லா டிவியும் சிறியதாகத்தான் தெரியும்.

75, 85, 98. எதை எடுப்பது?

உட்காரும் தூரம் 8 அடிக்குள் என்றால் 75 போதும். 8 முதல் 10 அடி என்றால் 85. அதற்கு மேல் தூரமும், சுவரில் எட்டடி அகலமும், பணமும் இருந்தால் 98. வரி ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. புரொஜெக்டருக்கும் அதே குறைப்புதான்.

என் கருத்து: 75 வாங்க எண்ணுகிறவர், தரத்தில் ஒரு படி இறங்காமல் 85 கிடைக்குமா என்று பார்க்கட்டும். தரத்தில் இறங்கித்தான் 85 என்றால் நல்ல 75-ஐயே எடுக்கலாம். மோசமான பேனல் பெரிதானால் அதன் மோசமும் பெரிதாகும்.

எங்கள் ஊர் வெயிலை டிவி தாங்குமா?

பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் 40 டிகிரியை மேல்வரம்பாகப் போட்டிருப்பார்கள். அது டிவியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம். மேலே தளம் எதுவும் இல்லாத மாடிக் கூடத்தில், கத்திரி வெயில் நாட்களில், பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னல் சாத்திய அறைக்குள் அந்த அளவை எட்டுவது கடினமே அல்ல. அந்த ஒரு மாதம், மதிய நேரத்தில் தொடர்ந்து ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியாவது ஓடட்டும்.

சுவரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மேற்கு வெயில் நேராக அடிக்கிற சுவரின் உட்புறத்தில் டிவியை மாட்டாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் டிவியும் பொறுக்காது. மரவேலைக்காரர் அழகுக்காக நான்கு பக்கமும் பலகை அடித்துக் குழிக்குள் டிவியைப் பதிக்கச் சொல்வார். வேண்டாம். பின்னாலும் மேலேயும் நான்கு விரல் இடைவெளி விட்டுத் திறப்பாக இருக்கட்டும்.

உண்மையில் வெயிலாலும் தூசியாலும் அதிகம் அடிபடுவது புரொஜெக்டர்தான். எல்.சி.டி. வகையில் காற்று உள்ளே போகும் வழியெல்லாம் தூசியும் போய்ப் படத்தில் மங்கலான புள்ளிகளாக நிற்கும். உள்ளே இருக்கும் மெல்லிய வடிகட்டித் தகடுகள் சூட்டில் வெந்து, படத்தின் ஒரு பகுதி மஞ்சளாகவோ நீலமாகவோ திரிந்துபோகும். மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி ஃபில்டரைத் துடைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மின்கட்டணம் கூடுமா, குறையுமா?

300 வாட் புரொஜெக்டரை நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட். 200 வாட் எடுக்கிற 85 இன்ச் டிவி அதே நேரத்துக்கு 48 யூனிட். பிரகாசமான எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளி அதிகமாகத் தெரிகிற வகை) படங்களில் டிவி இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். எனவே டிவியால் மட்டும் வருகிற மிச்சம் பெரிதல்ல. டிவி வந்ததும் எல்லோரும் பகலிலும் பார்க்கத் தொடங்கினால் அதுவும் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைப்பதால் ஏசி ஓடுகிற நேரம் குறைகிறதே, மிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கக்கூடியது.

மின்வெட்டு, இடி மின்னல்?

புரொஜெக்டர் வைத்திருப்பவரின் பெரிய கவலையே திடீர் மின்வெட்டுதான். விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும்போது விசிறி நின்றுவிடும். அப்படிப் பலமுறை நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். டிவிக்கு அந்தத் தொல்லை இல்லை. நின்ற இடத்தில் நின்று, மின்சாரம் வந்ததும் எழுந்துகொள்ளும். இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அது சைன் வேவ் (வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தருகிற) வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிதான் டிவிக்கு எதிரி. கோடையிலும் ஆடி, ஆவணியிலும் எங்கள் பக்கம் மாலை இடிமழை திடீரென்று இறங்கும். வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. கேபிள் வயரையும் இணைய வயரையும் மறக்காமல் கழற்ற வேண்டும். மின்னல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் டிவிக்குள் எச்.டி.எம்.ஐ. (படத்தையும் ஒலியையும் கொண்டுவருகிற வயர்) சேருகிற மின்பலகைக்கு வருகிறது. வீட்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் அந்தக் குழியில் யாரும் தண்ணீர் ஊற்றியே பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஓலெட் வாங்கலாமா, மினி எல்.இ.டி. வாங்கலாமா?

இருட்டறையில் படம் பார்ப்பதே நோக்கம் என்றால் ஓலெட். அதில் ஒவ்வொரு பிக்சலும் தனியாக அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். புரொஜெக்டரிலிருந்து வருகிறவருக்கு அந்தக் கறுப்பு ஒரு வியப்பு. விண்மீன் நிறைந்த வானத்தை முதல்முறை அதில் பார்த்தபோது கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

ஆனால் வீட்டில் பெரியவர்கள் காலை முதல் இரவு வரை செய்திச் சேனலை ஓடவிடுகிறவர்கள் என்றால் ஓலெட் வேண்டாம். கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மூலையில் நிற்கும் சின்னமும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், தழும்பாகப் படிந்துவிடும் வாய்ப்பு உண்டு. வெளிச்சமான கூடத்துக்கும் நீண்ட நேர ஓட்டத்துக்கும் திரைக்குப் பின்னால் பல சிறு விளக்குகள் பகுதி பகுதியாக எரிந்து அணைகிற மினி எல்.இ.டி.தான் பொருத்தம். எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி இலேசாக ஒளிவட்டம் தெரியும்.

சாதாரண எல்.இ.டி. எடுப்பதானால், பின்விளக்கு பகுதி பகுதியாக அணையுமா என்று கேளுங்கள். பக்கவாட்டில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அதிகம் என்றால், கடையில் டிவியின் ஓரத்துக்குப் போய் நின்று நிறம் வெளுக்கிறதா என்று பாருங்கள். எல்.இ.டி. டிவிகளில் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு வகைப் பேனல்கள் உண்டு. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் நின்று பார்த்தால் நிறம் குன்றும். ஐ.பி.எஸ். பேனலில் நேர்மாறு.

புது டிவியில் கேபிள் சேனல்கள் இவ்வளவு மங்கலாக இருக்கின்றனவே, டிவியில் கோளாறா?

கோளாறு டிவியில் இல்லை. சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 720-க்கு 576 பிக்சல். 4கே டிவியில் 3840-க்கு 2160. அதாவது ஒரு புள்ளியை இருபது புள்ளிகளாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. புரொஜெக்டரின் படமே கொஞ்சம் மென்மையானது என்பதால் இந்தக் குறை அங்கே மறைந்து கிடந்தது. டிவி அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. செட்டாப் பெட்டியை எச்.டி.க்கு மாற்றி, அடிக்கடி பார்க்கிற சேனல்களை மட்டுமாவது எச்.டி.யில் எடுங்கள். பெட்டியிலிருந்து டிவிக்கு இன்னமும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் போகிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த வயர்தான் குற்றவாளி. எச்.டி.எம்.ஐ. வயர் போட்டதும் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இணையத்தில் 4கே படம் பார்க்க நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகம் வேண்டும். ரவுட்டரிலிருந்து நேராக வயர் இழுத்தால் உத்தமம். கான்கிரீட் சுவர்களைத் தாண்டி மாடிக்கு வைஃபை வருவதற்குள் களைத்துவிடுகிறது.

எங்கள் சுவர் தாங்குமா? மாடிக்கு எப்படி ஏற்றுவது?

75 இன்ச் டிவி சுமார் 30 முதல் 35 கிலோ. 85 இன்ச் 40 கிலோவைத் தாண்டும். செங்கல் சுவருக்கு இது ஒரு பாரமே இல்லை, ஆங்கர் போல்ட் சரியாக இறங்கினால். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது. அதற்கென்று உள்ள ஆங்கரோ, இரண்டு தூண்களுக்கு இடையில் போட்ட இரும்புப் பட்டையோ வேண்டும். ஆற்காடு, வாலாஜா பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் சுவர் இரண்டடி தடிப்பாக இருந்தாலும் உள்ளே பொதபொதவென்று இருக்கும். துளை போட்டதும் வருகிற தூளைப் பாருங்கள். சிவப்பாகவும் நறநறவென்றும் வந்தால் நம்பலாம். வெள்ளை மாவாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் சுவரில் மாட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஸ்டாண்டில் வைத்த டிவியைப் பட்டை போட்டுச் சுவரோடு கட்டிவிட வேண்டும்.

ஏற்றுவதுதான் நிஜமான சோதனை. 85 இன்ச் பெட்டி ஏழடி நீளத்துக்கு வரும். அதைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. நடுவில் வளைந்தால் பேனலில் கீறல் விழும். படிக்கட்டுத் திருப்பத்தில் நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடிக்கு மேலாகத் தூக்கிக் கடக்க வேண்டும். வேலூரின் சைதாப்பேட்டை, கஸ்பா போன்ற பகுதிகளின் குறுகிய தெருக்களில் வண்டி வாசல்வரை வராது. கடைக்காரர் "எல்லாம் போய்விடும் சார்" என்பார். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்துப் படிக்கட்டுத் திருப்பத்தையும் கதவு நிலையையும் அளந்துவிடுங்கள். பால்கனி வழியாகக் கயிற்றில் இழுத்தால் உத்தரவாதம் போய்விடுமா என்றும் கேட்டு வையுங்கள்.

எந்த உயரத்தில் மாட்டுவது? உட்கார்ந்தால் கண் மட்டம், திரையின் நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். புரொஜெக்டர் திரை மேலே இருந்ததே என்று டிவியையும் மேலே ஏற்றாதீர்கள். கழுத்து வலிக்கும்.

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்கள் வீணாகிவிடுமா?

ஒருபோதும் இல்லை. அவற்றை விற்றுவிடாதீர்கள். டிவி எவ்வளவு பெரிதானாலும் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் சன்னமானதுதான். ரிசீவரிலும் டிவியிலும் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளைகளை இணைத்தால், டிவியில் ஓடுகிற எல்லாவற்றின் ஒலியும் பழைய ஸ்பீக்கர்களுக்கு வந்துவிடும். நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருந்திருந்தால் அதை டிவிக்குக் கீழே கொண்டுவந்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். வசனம் வாயிலிருந்து வருவதுபோலவே இருக்கும். கூரையில் ஓடிய பத்து மீட்டர் பழைய வயரை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். 4கே-க்கு அது போதாமல் படம் விட்டுவிட்டு வரும்.

கண்ணுக்கு எது நல்லது?

புரொஜெக்டரின் ஒளி திரையில் பட்டுத் திரும்பி வருவதால் இதமாகத் தெரிகிறது என்பார்கள். அந்த இதத்துக்குப் பெரும்பங்குக் காரணம் பிரகாசம் குறைவாக இருப்பதுதான். டிவியைக் கடைப் பிரகாசத்திலேயே இருட்டறையில் ஓட்டினால் எந்தக் கண்ணும் கூசும். இரவில் பிரகாசத்தைக் குறையுங்கள். டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றைப் போடுங்கள். எதிர்ச்சுவரில் இருக்கிற டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருண்ட காட்சிகளில் எல்லாம் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நிற்கும்.

படம் ஏதோ டிவி தொடர்போல வழவழவென்று ஓடுகிறது. சினிமா உணர்வே வரவில்லை.

அமைப்புகளுக்குள் போய், அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியை அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி நடுவில் தானாகவே புதிய சட்டகங்களைச் செருகுவதால்தான் இந்த உணர்வு. 2019-இல் அறிமுகமான ஃபிலிம்மேக்கர் மோடு உங்கள் டிவியில் இருந்தால் படத்துக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மஞ்சளாகத் தோன்றும். ஓரிரு நாளில் கண் பழகி, மனிதர்களின் தோல் நிறம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துவிடும். கிரிக்கெட்டுக்கு மட்டும் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதி கொஞ்சம் இருக்கட்டும். பந்து தெளிவாகத் தெரியும்.

ஈசல், பல்லி, பூஜை?

சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. மழை பெய்து விட்ட மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால், அறையிலேயே பிரகாசமான பொருளைத் தேடி ஈசல் வரும். இப்போது அந்தப் பொருள் உங்கள் டிவி. ஈசலைத் தேடிப் பல்லி வரும். வந்த பல்லி, பின்னால் கதகதப்பாக இருக்கிறது என்று காற்றுத் துளை வழியாக உள்ளே போய் மின்பலகையில் படுத்துவிட்டால் செலவு ஆயிரங்களில். கொசுவலைக் கம்பி அடித்த ஜன்னல் இதற்கெல்லாம் ஒரே மருந்து. காற்றுத் துளைகளை மட்டும் துணியாலோ டேப்பாலோ அடைக்காதீர்கள்.

ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் டிவியின் அடிச்சட்டத்தில் வையுங்கள். திரையில் வேண்டாம். காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தால் திரைமேல் பூசியிருக்கும் மெல்லிய படலம் உரிந்துபோகும். அன்றாடம் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் ஆகாது.

சுவரோடு ஒட்டி வைக்கிற லேசர் புரொஜெக்டர் வாங்கினால் என்ன?

லேசர் என்பதால் விளக்கு மாற்றும் வேலை இல்லை. 20,000 மணி நேரம் என்று சொல்கிறார்கள். அதற்கென்று உள்ள சாம்பல் நிறத் திரையையும் சேர்த்து வாங்கினால்தான் பகலில் ஓரளவு தெரியும். இரண்டையும் கூட்டினால் நல்ல பெரிய டிவியின் விலை வந்துவிடும். 100 இன்ச்சுக்குக் கீழே இறங்க மனமே இல்லாதவர், அவ்வளவு பெரிய பெட்டி ஏற முடியாத மாடி வீட்டுக்காரர், இந்த இருவருக்கும் நான் அதைச் சொல்வேன்.

பழைய புரொஜெக்டரை என்ன செய்வது?

இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மாலை வெக்கை தணிந்த மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு ஒரு இறுதிப்போட்டியைக் காட்டுவதற்கு இணையான சந்தோஷம் எந்த டிவியிலும் கிடையாது. சுருள் திரையையும் கழற்ற வேண்டியதில்லை. கூரையில் அதன் பெட்டியை டிவிக்கு அரையடி முன்னால் தள்ளி மாட்டிவிட்டால், பகலில் டிவி, வாரக் கடைசி இரவில் திரையை இறக்கிப் பெரிய படம் என்று இரண்டையும் அனுபவிக்கலாம். காட்பாடியில் ஒரு நண்பர் வீட்டில் இப்படித்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து மிக நிறைவான ஏற்பாடு அதுதான்.

விற்பதானால், மெனுவில் விளக்கு ஓடிய மணி நேரத்தைக் காட்டி விற்றுவிடுங்கள். பின்னால் பேச்சு வராது. செத்துப்போன விளக்கைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் அறையில் ஆவியாகப் பரவும். முழுதாகப் பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிற அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுக்க வேண்டும்.

எப்போது வாங்குவது, எங்கே வாங்குவது?

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியை ஒட்டியும் விலை இறங்கும். அதே நாட்களில் பொருத்த வருகிற ஆட்களுக்கும் ஓய்வே இருக்காது. அவசரத்தில் நான்கு போல்ட்டுக்குப் பதில் இரண்டு போல்ட்டோடு போய்விடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

இணையத்தில் ஓரிரண்டு ஆயிரம் குறைவாகக் கிடைத்தாலும், இவ்வளவு பெரிய பொருளை வேலூரிலேயே தெரிந்த கடையில் வாங்கவே நான் சொல்வேன். விலை பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். பேனல் போனால் ஆள் இங்கிருந்து வருவாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா? பேனலுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும் என்பதால் கூடுதல் உத்தரவாதத்துக்குப் பணம் கொடுப்பது இந்த ஒரு பொருளுக்குத் தகும்.

பெட்டி வந்ததும், கொண்டுவந்தவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு பிரியுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன் தரையில் நிமிர்த்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்து, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் மூன்றையும் ஒரு பென் டிரைவிலிருந்து ஓடவிடுங்கள். ஓரங்களில் விரிசல், அணைந்த புள்ளி, நடுவில் அழுக்குத் திட்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிரிப்பதிலிருந்து இதுவரை எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரே காணொளியாக எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.